அண்ணாவுக்கு நடந்த ஆபரேஷனும் இன்றைய நுண்துளை சிகிச்சையும்

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் அண்ணாவைப் பற்றிக் கேட்டால் நிறையக் கதை சொல்வார்கள். நெசவாளர் குடும்பத்தில் பிறந்தது, பச்சையப்பன் பள்ளியில் படித்தது, நகராட்சியில் கொஞ்ச நாள் குமாஸ்தா வேலை பார்த்தது, மூக்குப்பொடிப் பழக்கம் எல்லாமே ஊருக்குத் தெரியும். அமெரிக்காவில் ஆபரேஷனுக்கு முன்னால், கையில் இருந்த நாவலைப் படித்து முடிக்கவேண்டும் என்று சொல்லி டாக்டரிடம் தேதியைத் தள்ளிப்போடக் கேட்டார் என்ற கதையும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்த ஆபரேஷன் எப்படிப்பட்டது, அதே நோய் இன்று ஒருவருக்கு வந்தால் என்ன செய்வார்கள், பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைப் பற்றி அதிகம் பேசக் காணோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அண்ணாவுக்கு வந்தது உணவுக்குழாய்ப் புற்றுநோய். முதலமைச்சராகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. 1968 செப்டம்பரில் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது. நவம்பரில் சென்னை திரும்பினார். 1969 ஜனவரி 14 அன்று மெட்ராஸ் மாநிலம் 'தமிழ்நாடு' ஆனது. அதற்கு மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை, பிப்ரவரி 3-ல் காலமானார். வயது 59. உலகின் அன்றைய மிகச் சிறந்த புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றில் சிகிச்சை பெற்றும் ஐந்து மாதம் தாண்டவில்லை. இதில் டாக்டர்களின் குறை என்று எதுவும் சொல்வதற்கில்லை. அந்த நோயும் அந்தக் காலத்து ஆபரேஷனும் அப்படி.

உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் அது இருக்கும் இடம் பொல்லாதது. கழுத்தில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்குப் பின்னால் இறங்கி, இதயத்துக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் புகுந்து, பெருந்தமனியை உரசிக்கொண்டு, உதரவிதானத்தில் உள்ள ஓட்டை வழியாக வயிற்றுக்குள் போய் இரைப்பையில் சேருகிறது. கழுத்து, நெஞ்சு, வயிறு என்று உடம்பின் மூன்று பகுதிகளிலும் அதற்குக் கால் உண்டு. அதை எடுக்கவேண்டும் என்றால் குறைந்தது இரண்டு இடத்தையாவது திறக்கவேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, சாப்பாடு இறங்க வேறு வழியும் செய்து தரவேண்டும்.

முதன்முதலில் நெஞ்சைத் திறந்து இதை எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தவர் பிரான்ஸ் டோரக். 1913-ல், அதே நியூயார்க்கில். நோயாளி அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. குழாயை எடுத்த பிறகு இரைப்பையோடு சேர்த்துத் தைக்க அன்று வழி தெரியாது. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார்கள். அந்த அம்மாள் பத்தாண்டுக்கு மேல் அந்த ரப்பர் குழாய் வழியாகவே சாப்பிட்டு வாழ்ந்தார்! நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தாலும் இது மருத்துவ வரலாற்றில் பதிவான விஷயம்.

1946-ல் இங்கிலாந்தின் ஐவர் லூயிஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையைச் சுற்றியுள்ள பிடிப்புகளை விடுவிப்பது, பிறகு வலது நெஞ்சைத் திறந்து நோயுள்ள குழாயை வெட்டி எடுப்பது, இரைப்பையை மேலே இழுத்து மிச்சமிருக்கும் குழாயோடு தைப்பது. இது உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் வயிற்றில் ஒரு நீள வெட்டு, விலா எலும்புகளை விரித்து நெஞ்சில் இன்னொரு நீள வெட்டு. ஒரு பக்க நுரையீரலைச் சுருக்கி ஒதுக்கி வைத்து மணிக்கணக்கில் வேலை. ஆபரேஷன் முடிந்த பிறகு, வெட்டுப்பட்ட விலாவின் வலியில் நோயாளியால் ஆழமாக மூச்சு இழுக்க முடியாது, இருமிச் சளியைத் துப்ப முடியாது. சளி தங்கினால் நிமோனியா. புற்றுநோயிலிருந்து தப்பியவர்கள் நிமோனியாவில் போனார்கள்.

எவ்வளவு பேர் போனார்கள்? 1980-ல் எர்லம், குன்யா-மெலோ என்ற இருவர் அதுவரை வெளிவந்த 122 ஆய்வுக் கட்டுரைகளைத் திரட்டி, 83,783 நோயாளிகளின் கணக்கைப் போட்டார்கள். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் அறுவை டாக்டரிடம் வரும் 100 பேரில் 58 பேருக்குத்தான் திறந்து பார்க்கவே முடிகிறது. அதில் 39 பேருக்குக் கட்டியை எடுக்க முடிகிறது. அந்த 39-ல் 13 பேர் மருத்துவமனையிலேயே இறந்துபோகிறார்கள். வீடு திரும்புவது 26 பேர். ஒரு வருடம் கழித்து உயிரோடு இருப்பது 18, இரண்டு வருடம் கழித்து 9, ஐந்து வருடம் கழித்து 4. நூற்றுக்கு நாலு! அண்ணா நியூயார்க் போன காலத்தையும் சேர்த்த கணக்கு இது.

இனி நுண்துளைக்கு வருவோம்.

ஒரு நாய், ஒரு ஊசி, ஒரு கேமரா

வயிற்றைக் கிழிக்காமல் உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசை பழையது. 1901-ல் ஜெர்மனியின் ஜியார்ஜ் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றை நிரப்பி, குழாய்க் கருவி வழியாக உள்ளே பார்த்துக் காட்டினார். 1910-ல் சுவீடனின் யாக்கோபியஸ் மனிதர்களிடம் செய்தார். 1938-ல் ஹங்கேரியின் வெரஸ் ஒரு ஊசி செய்தார். காசநோயாளிகளின் நெஞ்சுக்குள் பத்திரமாகக் காற்றுச் செலுத்துவதற்காகச் செய்தது அது. பிற்காலத்தில் அதே ஊசிதான் வயிற்றுக்குள் வாயு நிரப்பும் முதல் கருவியாகி, இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது.

பார்ப்பது சரி, வெட்டுவது? 1980-ல் கீல் நகரத்து மகப்பேறு மருத்துவர் குர்ட் செம் இந்த வழியில் ஒரு குடல்வாலை எடுத்தார். பாராட்டு கிடைக்கவில்லை. அவரது மருத்துவ உரிமத்தை நிறுத்திவைக்கவேண்டும் என்று குரல் எழுந்தது. மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்ன சகாக்களும் உண்டு. 1985-ல் எரிக் மூஹே இதே வழியில் பித்தப்பையை எடுத்தார். அடுத்த வருடம் ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் கூட்டத்தில் சொன்னபோது யாரும் மதிக்கவில்லை. 1992-ல் அதே சங்கம் அவருக்குப் பரிசு கொடுத்தது. அதற்குள் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இந்த முறை காட்டுத்தீயாகப் பரவிவிட்டது.

இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தவர் மும்பையின் டெஹெம்டன் உத்வாடியா. 1972-லேயே ஜே.ஜே. மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பை வைத்து வயிற்று நோய்களைக் கண்டறியத் தொடங்கினார். வயிற்றுக் காசநோயா, கல்லீரல் நோயா, புற்றுநோயா என்று தெரியாமல் தவித்த ஏழை நோயாளிகளுக்கு ஸ்கேன் வசதி இல்லாத காலத்தில் அது பெரிய உதவி. 1990-ல் இந்தியாவின் முதல் நுண்துளைப் பித்தப்பை அறுவையையும் அவரே செய்தார். 2023-ல் காலமானார். (நம்மூர்ப் பெண்கள் பலருக்கு 'லேப்ராஸ்கோப்' என்ற வார்த்தை அதற்கு முன்பே பழக்கம். குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களின் வழியாக வந்த பழக்கம் அது. ஆண் டாக்டர்கள் எழுதும் வரலாறுகளில் அதற்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.)

வேலை நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால், தொப்புள் அருகே சிறு துளை போட்டு கார்பன்டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம் போல் உயர்த்துவார்கள். ஒரு துளையில் கேமரா, மற்ற துளைகளில் நீளமான கருவிகள். டாக்டர் நோயாளியைப் பார்ப்பதில்லை, திரையைப் பார்த்து வேலை செய்கிறார். கேமராவைப் பிடிப்பவர் வேறு ஆள். காஞ்சிபுரத்தில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால் ஒரு ஆளால் தறியை ஓட்ட முடியாது, பக்கத்தில் கரை நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் கோர்வை நேராக விழும். கேமரா பிடிப்பவரின் கை தடுமாறினால் டாக்டருக்குக் கண் போன மாதிரிதான்.

கோவையில் நடந்தது

தமிழ்நாட்டில் இந்த வரலாற்றின் முக்கியமான இடம் கோயம்புத்தூர். சி. பழனிவேலு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மலேசியத் தோட்டங்களில் கூலி வேலை பார்த்தவர். ஊர் திரும்பி, தாமதமாகப் படிப்பைத் தொடர்ந்து, சென்னை ஸ்டான்லியில் டாக்டரானவர். 1991-ல் கோவையில் நுண்துளை அறுவையைத் தொடங்கினார். 2001-ல் ஜெம் மருத்துவமனையை நிறுவினார். பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் என்று மற்றவர்கள் நின்ற இடத்தில் அவர் நிற்காமல் கணையம், உணவுக்குழாய் என்று மிகக் கடினமான உறுப்புகளுக்குப் போனார்.

உணவுக்குழாயில் அவர் செய்த காரியத்தை விளக்கமாகப் பார்ப்பது நல்லது. நெஞ்சுக்குள் கேமரா விட்டு உணவுக்குழாயை எடுக்கும் முயற்சி 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் அல்பிரட் குஷ்யேரி அதில் முன்னோடி. ஆனால் வழக்கப்படி நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நுரையீரல் குறுக்கே வந்து விழும். அதை ஒருவர் கருவியால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கசியும் ரத்தமும் வேலை நடக்கும் இடத்திலேயே வந்து தேங்கும். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தால்? நுரையீரல் தன் எடையிலேயே கீழே சரிந்து விலகிவிடும். ரத்தமும் பள்ளத்துக்கு ஓடிவிடும். முதுகெலும்பை ஒட்டிய உணவுக்குழாய் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஒரு நுரையீரலை முழுதாக அடைத்துவைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரு உதவியாளர் செய்யவேண்டிய வேலையைப் புவியீர்ப்பு சம்பளம் வாங்காமல் செய்கிறது!

குப்புறப் படுக்கவைக்கும் யோசனையும் குஷ்யேரியிடமிருந்து 1994-லேயே வந்ததுதான். ஆனால் அது பெரிதாகப் பரவவில்லை. அதை ஒழுங்கான முறையாக்கி, 130 நோயாளிகளின் முடிவுகளோடு 2006-ல் ஒரு அமெரிக்க இதழில் வெளியிட்டது கோவைக் குழுதான். ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 2 பேர், அதாவது 1.54 சதவீதம். நிமோனியாவும் 1.54 சதவீதமே. தைத்த இடத்தில் கசிவு 2.31 சதவீதம்.

39-ல் 13 எங்கே, 130-ல் 2 எங்கே! ஆனால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கைதட்டுவது நியாயமில்லை. முன்னது பல நாடுகளின் பல பத்தாண்டுக் கணக்கு. பின்னது ஒரே மருத்துவமனை, தேர்ந்த ஒரே குழு, ஆபரேஷனுக்குத் தகுதி என்று பார்த்து எடுத்த நோயாளிகள். நடுவில் மயக்க மருந்து மாறியது, தீவிர சிகிச்சைப் பிரிவு வந்தது, சி.டி. ஸ்கேன் வந்தது. பெருமை முழுவதையும் துளைக்குக் கொடுக்க முடியாது.

துளைக்கு எவ்வளவு பங்கு என்று தெரிய, ஒரே காலத்தில் ஒரே மாதிரி நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். அதை நெதர்லாந்து தலைமையில் சில ஐரோப்பிய மருத்துவமனைகள் செய்து 2012-ல் வெளியிட்டன. மொத்தம் 115 நோயாளிகள். பாதிப் பேருக்குத் திறந்த ஆபரேஷன், மீதிப் பேருக்குக் குப்புறப் படுக்கவைத்து நுண்துளை. மருத்துவமனையில் இருந்த நாட்களில் நுரையீரல் தொற்று வந்தது திறந்த பிரிவில் 34 சதவீதம், நுண்துளைப் பிரிவில் 12 சதவீதம். 2019-ல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில் வயிற்றுப் பகுதியை மட்டும் நுண்துளையில் செய்துவிட்டு நெஞ்சைத் திறந்தார்கள். அதிலேயே பெரிய சிக்கல்கள் 64 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைந்தன.

சரி, உயிர்? இங்கேதான் விளம்பரங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. நெதர்லாந்து ஆய்வில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் திறந்த பிரிவில் சுமார் 40 சதவீதம், நுண்துளையில் சுமார் 50. ஆனால் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றுதான் ஆய்வாளர்களே சொன்னார்கள். கோவைக் கட்டுரையும் நோயின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆயுள் மற்ற முறைகளை ஒத்தே இருந்தது என்று நேர்மையாகச் சொன்னது. நுண்துளை, ஆபரேஷனுக்குப் பிறகான நாட்களை மாற்றியது. வலி, மூச்சு, தொற்று, படுக்கை நாட்கள் எல்லாம் குறைந்தன. புற்றுநோயின் குணத்தை அது மாற்றவில்லை. ஆயுளைக் கூட்டியது வேறொன்று. ஆபரேஷனுக்கு முன்பே கீமோதெரபியும் கதிர்வீச்சும் கொடுக்கும் முறை நெதர்லாந்தில் 366 பேரிடம் சோதிக்கப்பட்டது. 2012-ல் வந்த முடிவில், நடு ஆயுள் 24 மாதத்திலிருந்து 49 மாதமாக உயர்ந்திருந்தது.

முதல் பதின்மூன்று பேர்

நுண்துளை என்றாலே நல்லது என்று நினைப்பவர்கள் 1991-ல் அமெரிக்காவின் தென் மாநில அறுவை மருத்துவர்கள் வெளியிட்ட கணக்கைப் பார்க்கவேண்டும். 1,518 பித்தப்பை ஆபரேஷன்கள். மிகவும் பயப்படவேண்டிய விபத்து, பித்தப்பைக்குப் பதில் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. அப்படி நடந்தால் நோயாளி வாழ்நாள் முழுக்க அவதிப்பட நேரலாம். ஒவ்வொரு குழுவும் செய்த முதல் 13 நோயாளிகளில் இது 2.2 சதவீதம். அதற்குப் பிறகு வந்தவர்களில் 0.1 சதவீதம். நோய் ஒன்று, கருவி ஒன்று, டாக்டரும் அதே டாக்டர். மாறியது கைப்பழக்கம் மட்டும்தான். அந்த முதல் 13 பேருக்குத் தாங்கள் முதல் 13 என்று தெரிந்திருக்குமா?

கணையத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் ஒரு பகுதி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டு மூன்று இடங்களில் தைக்கும் ஆபரேஷனுக்கு 'விப்பிள்' என்று பெயர். வயிற்று அறுவைகளில் மிகக் கடினமானவற்றில் ஒன்று. பழனிவேலு குழு 1998-லேயே இதை நுண்துளையில் செய்யத் தொடங்கி, 2009-ல் 75 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டிருந்தது. பிறகு திறந்த முறை 32 பேர், நுண்துளை 32 பேர் என்று குலுக்கலில் பிரித்து நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 2017-ல் முடிவு வந்தது. திறந்த பிரிவில் மருத்துவமனையில் இருந்தது 13 நாள், நுண்துளையில் 7 நாள். இறப்பிலும் சிக்கல்களிலும் வித்தியாசம் இல்லை.

நெதர்லாந்தில் இதே ஒப்பீட்டை நான்கு மருத்துவமனைகளில் செய்தார்கள். பங்கேற்ற டாக்டர்கள் ஒவ்வொருவரும் குறைந்தது 20 நுண்துளை விப்பிள் செய்து பழகியவர்கள். என்ன நடந்தது? நுண்துளைப் பிரிவில் 50 பேரில் 5 பேர் 90 நாட்களுக்குள் இறந்தார்கள். திறந்த பிரிவில் 49 பேரில் ஒருவர். ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவை 2019-ல் மறைக்காமல் வெளியிட்டதற்காக அவர்களைப் பாராட்டவேண்டும். வித்தியாசத்துக்குப் பழக்கம் ஒன்றே காரணமா என்ற வாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணிக்கை சிறியது, தற்செயலும் இருக்கலாம். ஆனால் ஒரு நோயாளி கேட்கவேண்டிய கேள்வி "இங்கே லேப்ராஸ்கோபி உண்டா?" என்பதைவிட "இந்த ஆபரேஷனை நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்?" என்பதாக இருப்பது புத்திசாலித்தனம். நம்மூரில் அதைக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம் பலருக்கு உண்டு, அது வேறு கதை.

காரப்பேட்டை

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணாவின் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சுற்று வட்டாரத்து நெசவாளர்கள், விவசாயிகள், கூலிக்காரர்கள் எல்லோருக்கும் தனியார் கட்டணம் இல்லாமல் சிகிச்சை கிடைக்கும் இடம். தமிழ்நாட்டில் 2009-ல் வந்த அரசு காப்பீட்டுத் திட்டமும், அதற்குப் பதிலாக 2012-ல் வந்த முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமும் பெரிய ஆபரேஷன்களைச் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. தினமும் தறியில் உட்கார்ந்தால்தான் கூலி என்றிருக்கும் ஒருவருக்கு 13 நாளா 7 நாளா என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் உணவுக்குழாய் விஷயத்தில் பெரும்பாலோர் இந்தக் கணக்குகளுக்குள் வருவதே இல்லை. குழாய் நன்றாக விரிந்து கொடுக்கும் தன்மை உள்ளது. பாதிக்கு மேல் அடைபட்ட பிறகுதான் விழுங்குவதில் தொந்தரவே தெரியும். முதலில் சோறு சிக்குகிறது. தண்ணீர் குடித்துத் தள்ளிவிடுகிறார்கள். பிறகு இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிடுகிறார்கள். பிறகு கஞ்சி. பல்லு சரியில்லை, வாயு, வயசாகிவிட்டது என்று மாதங்கள் போய்விடும். எடை பாதியாகி, கஞ்சியும் இறங்காதபோது ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அப்போது பெரும்பாலும் கட்டி மூச்சுக்குழாயையோ பெருந்தமனியையோ பிடித்திருக்கும். திறந்த ஆபரேஷனும் இல்லை, நுண்துளையும் இல்லை. அடைப்புக்குள் கம்பி வலைக் குழாய் ஒன்றை வைத்துக் கொஞ்சம் திரவ உணவு இறங்க வழி செய்வதும் கதிர்வீச்சுமே மிச்சம்.

ஜப்பானில் கதை வேறு மாதிரி. அங்கே எண்டோஸ்கோபிப் பரிசோதனை சர்வசாதாரணம். அதனால் கட்டி உணவுக்குழாயின் உள்தோலைத் தாண்டாத நிலையிலேயே பலருக்குக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் ஒரு துளைகூடப் போடுவதில்லை. எண்டோஸ்கோப்பின் நுனியில் உள்ள சிறு கத்தியால் அந்தத் தோலை மட்டும் உரித்து, வாய் வழியாகவே வெளியே எடுத்துவிடுகிறார்கள். 1990களின் பிற்பகுதியில் அங்கே உருவான இந்த முறை இன்று இந்தியாவின் பெரிய மருத்துவமனைகளிலும் நடக்கிறது. நோயாளியின் உணவுக்குழாய் அவரிடமே இருக்கிறது. சில நாட்களில் சோறு சாப்பிடுகிறார்.